உடைக்க வாங்கிய ஹெல்மெட்

புது ஹெல்மெட்டைச் சுத்தியலால் அடித்தால் உடையாது. எனக்கு இது ஒத்திகையில்தான் தெரிந்தது. பாஸ்கர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஒரு போடு போட்டான். சுத்தியல் எகிறி அவன் நெற்றிப் பக்கமே திரும்பி வந்தது. ஹெல்மெட் துள்ளி உருண்டுபோய் என் காலடியில் நின்றது. நாங்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நாடகத்தை எழுதிய ஷாலினி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய நாடகம் முடிவதே அந்த அடியில்தான்.

மேடைக்குப் பின்னால் வேலை பார்க்க வந்திருக்கிற உங்களுக்கு அந்த ஹெல்மெட்டின் கதையைத்தான் எழுதுகிறேன். விளக்கை எங்கே கட்டுவது, திரைக்கயிற்றில் என்ன முடிச்சுப் போடுவது என்பதையெல்லாம் வேறு ஆட்கள் சொல்லித்தருவார்கள். சொல்லித்தராவிட்டாலும் கையைச் சுட்டுக்கொண்டு நீங்களே கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்வது, நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது உங்கள் தலையில் ஒரு முடிவு வந்து விழுமே, அதைப் பற்றி. அப்போது யாரையும் கேட்க நேரமில்லை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எங்கள் கோடை நாடக விழா திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடக்கும். மே மாதத்தில் கல்யாண மண்டபங்கள் கிடைக்காது, பள்ளிக்கூடம் சும்மா கிடக்கும். விழா கோடையில் வந்ததற்கு அதைத் தவிர வேறு பெரிய காரணம் கிடையாது. ஐந்து நாள், ஐந்து நாடகம். எல்லாமே புதிது, அதற்கு முன் எந்த மேடையும் ஏறாதது. ஒரு நாடகம் ஒரே ஒரு முறைதான் மேடை ஏறும். நடிப்பவர்களும் எழுதுபவர்களும் எங்கள் பக்கத்து ஆட்கள். கப்பல் சரக்கு ஆபீசில் வேலை செய்பவர், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், நர்ஸ், கான்ட்ராக்ட் தொழிலாளி. பார்ப்பவர்களும் அவர்களேதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு, வசனம் கேட்க வேண்டுமே என்று ஃபேனையும் அணைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மரியாதைக்காகவே இத்தனை வருஷம் நான் அங்கே உழைத்தேன்.

எங்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. மேடைச் சாமான் எதையும் காசு கொடுத்து வாங்கமாட்டோம், தெருவில் இரவல் கேட்போம். நாற்காலி ஒரு வீடு, குடம் ஒரு வீடு, கட்டில் ஒரு வீடு. கொடுத்தவர்கள் குடும்பத்தோடு வந்து "அதோ பாரு, நம்ம கட்லு" என்று காட்டிக்கொண்டு நாடகம் பார்ப்பார்கள். எனக்கு முன்னால் இந்த மேடையைப் பார்த்துக்கொண்டவர் ஒருமுறை பித்தளைக் குடத்தை வீடு மாற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு வீட்டுப் பெண்களும் தெருவில் நின்று போட்ட சண்டையில் அந்த வருஷ விழாவே நாறிப்போனது. அதிலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்தார். வருகிற ஒவ்வொரு சாமானிலும் ஒரு அட்டை தொங்க வேண்டும், அதில் வீட்டுக்காரர் பெயரும் தெருவும் இருக்க வேண்டும். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அட்டை இல்லாமல் ஒரு கரண்டிகூட என் மேடையில் ஏறியது கிடையாது.

ஹெல்மெட் ஒன்று மட்டும் ஏறியது.

ஷாலினியின் நாடகத்தில் தாஸ் என்று ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி. ஒரு நாள் காலையில் கம்பெனி கேட்டில் அவனை உள்ளே விடமாட்டேன் என்கிறார் வாட்ச்மேன். காரணம் யாரும் சொல்லவில்லை. அவன் சாயந்திரம் வரைக்கும் கேட்டிலேயே நிற்கிறான். அவ்வளவுதான் நாடகம். கடைசியில் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்து, பையிலிருந்து சுத்தியலை எடுத்து அடிக்கிறான். உடைகிறது. உடைந்த கணம் விளக்கு அணைகிறது. தாஸாக நடித்த பாஸ்கர் நிஜத்திலும் கான்ட்ராக்ட் தொழிலாளிதான். புது ஹெல்மெட் துள்ளி ஓடியதைப் பார்த்து அவன்தான் வழி சொன்னான்.

"வெயில்ல காஞ்ச பழைய ஹெல்மெட்டா பாரு க்கா. அப்பளமா நொறுங்கும்."

சாமான் பொறுப்பு நித்யாவுக்கு. எர்ணாவூர்ப் பெண், தெருத்தெருவாக ஏறி இறங்கக் கூச்சப்படாதவள். நாடகத்தன்று மத்தியானம் ஒரு துணிப்பையில் மஞ்சள் ஹெல்மெட் ஒன்றைக் கொண்டுவந்தாள். வெயில் தின்று வெளிறிப்போயிருந்தது. பின்பக்கம் நீல இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது.

"எக்கா, இத்த குடுத்தாங்களே ஒரு அக்கா, அவங்க இன்னா சொன்னாங்கன்னா..."

"ஒடைக்கத்தான்னு சொல்லி வாங்கினியா?"

"சொல்லித்தான் வாங்கினேன். அவங்க..."

"அப்பால சொல்லு. பெட்டில வை."

அப்போது எனக்கு ஆயிரம் வேலை. கேட்டாக நிற்க வேண்டிய தகரம் சாய்ந்துகொண்டிருந்தது, மைக் ஒன்று செத்திருந்தது. அட்டை எழுதும் பேனா என் கையிலேயே இருந்தும் நான் எழுதவில்லை. திருப்பிக் கொடுக்கிற சாமானுக்குத்தானே பெயர் வேண்டும், உடைக்கப்போகிற சாமானுக்குப் பெயர் எதற்கு என்று நினைத்தேன். இதைப் படித்துவிட்டு "சரிதானே" என்று நினைக்கிறவர்கள் உங்களில் பாதிப் பேராவது இருப்பீர்கள்.

ஆறு மணிக்கு நாடகம் தொடங்கியது. ஹால் நிறைந்து, படியிலும் ஜன்னல் திட்டிலும் ஆட்கள். தாஸ் இரண்டாவது காட்சியில் அந்த ஹெல்மெட்டோடு மேடை ஏறினால் முடிகிறவரைக்கும் இறங்கமாட்டான். தலையிலிருந்து ஹெல்மெட்டும் இறங்காது. பாஸ்கர் அன்று என்னமாய் நடித்தான் தெரியுமா! ஒரு வசனமும் பிசகவில்லை. கூட்டம் அவனோடு சேர்ந்து கேட்டில் நின்றது. ஷாலினி ஹாலின் கடைசியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நித்யா அவளுக்குப் பக்கத்தில், கேட் மூடுகிற சத்தத்துக்குத் தகரம் தட்டுவதற்காக நின்றாள். நான் சைடு விங்கில், மேடை ஓரத்துத் துணி மறைவில், எழுத்துப்பிரதியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசிப் பதினான்கு பக்கம் மிச்சம் இருந்தபோது ஹாலிலிருந்து பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். குப்பத்துக்காரர் என்பது பார்த்தாலே தெரிந்தது. கடல் வெயிலில் கறுத்த உடம்பு, தோளில் துண்டு. வெளியே போகச் சொல்லி நான் கையைக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மா, அவன் தலைல கீதே, அது எம் புள்ளயோட ஹெல்மெட்டு மா."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"எம் புள்ள குமாரு. வேலைல இரும்பு வுயிந்து பூட்டான். நாலு வருசம் ஆவுது. அவன் சாமானுன்னு வூட்ல கீறது அது ஒண்ணுதான். வாசல்ல ஆணில மாட்டி வெச்சிருந்தேன். காலைல கூட இருந்திச்சு. எவனோ எட்த்துகினு வந்துட்டான் மா. அடையாளத்துக்கு நீல டேப்பு நான் சுத்தினது. எனக்குத் தெரியாதா?"

மேடையில் பாஸ்கர் திரும்பினான், பின்பக்கத்து நீல டேப் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. இன்னும் இருபது நிமிஷத்தில் அவன் அதைத் தரையில் வைத்துச் சுக்குநூறாக்கப் போகிறான். அதைச் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் பெரியவரே கேட்டார்.

"அத்த இன்னா மா பண்ணுவாங்க கடைசில? பக்கத்துல குந்தினு இருந்தவன் ஒடைக்கப்போறாங்கன்றானே?"

நான் மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். சத்தம் மேடைக்குப் போய்விடுமோ என்று அந்த நிலையிலும் அடக்கிக்கொண்டுதான் அழுதார். அதைப் பார்த்ததும் என் மனசு அவர் பக்கம் போய்விட்டது.

"எம் மருமவ மூணாவது வரிசையில குந்திகினு கீறா மா. தேவி. அவ கண்ணு முன்னால ஒடச்சா அவ தாங்கமாட்டா" என்றார்.

விங் துணியை விலக்கிப் பார்த்தேன். மூன்றாவது வரிசை ஓரத்தில் முப்பது முப்பத்திரண்டு வயதில் ஒரு பெண். ஊதா நிறப் புடவை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண் இமைக்காமல், அந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ, அடையாளம் தெரிந்துவிட்டது, துடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் முடிவுகட்டினேன். ஒரு முகத்தை இருட்டில் நாற்பதடி தூரத்திலிருந்து படித்துவிட்டேன், பாருங்கள், என் சாமர்த்தியம்!

இனி என் முன்னால் இருந்த வழிகளைச் சொல்கிறேன். நீங்களும் யோசியுங்கள்.

திரையை இறக்கலாம். இறக்கினால் அந்த நாடகம் செத்தது. ஷாலினி ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை செய்துகொண்டே இரண்டு வருஷம் எழுதியது. மறுபடி மேடை கிடையாது.

விங்கிலிருந்து பாஸ்கருக்குச் சைகை காட்டலாம். காட்டினேன். கையை ஆட்டினேன், துப்பட்டாவை ஆட்டினேன். அவன் திரும்பவே இல்லை. "நடிக்கும்போது விங் பக்கம் பார்த்தால் காலை உடைப்பேன்" என்று மூன்று வாரம் அவனைத் திட்டியது நான்தானே. அவன் சொல் பேச்சு கேட்கிற பிள்ளை.

விளக்கை அணைக்கலாம். விளக்குக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே கேட்டார், "கரண்ட் போன மாரி அணைச்சுடவா?" என்று. வேண்டாம் என்றேன். படியெல்லாம் குழந்தைகள். முந்தின வருஷம் நிஜமாகவே கரண்ட் போனபோது வாசலில் நெரிந்துகொண்டு ஒரு அம்மாவுக்குக் கை முறிந்தது. அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அந்த "வேண்டாம்" மட்டும்தான்.

மிச்சம் இருந்தது வாட்ச்மேன். வாட்ச்மேனாக நடித்த மோசஸ் இரண்டு பக்கம் கழித்து மறுபடி மேடை ஏற வேண்டும். அவனை இழுத்துப் பிடித்தேன். துள்ளி ஓடிய அந்தப் புது ஹெல்மெட் பெட்டியில்தான் கிடந்தது. அதை அவன் கையில் திணித்தேன்.

"இத்த அவனாண்ட குடுத்துட்டு, தலைல கீறத வாங்கிகினு வந்துடு."

"வசனம்?"

"எதையாவது சொல்லு. வாங்கிகினு வா."

மோசஸ் நல்ல நடிகன்தான், ஆனால் எழுதிக்கொடுத்ததற்கு மேல் ஒரு சொல் வராது. மேடை ஏறினான், தொண்டையைக் கனைத்தான்.

"டேய் தாஸு. சூப்பர்வைசர் சொல்ட்டாரு. ஹெல்மெட்ட கயட்டி குடு. இந்தா, இத்த போட்டுக்கோ."

பாஸ்கர் ஒரு நொடி திகைத்தான். வசனம் மறந்துபோய் மோசஸ் உளறுகிறான், நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. இரண்டு கையாலும் ஹெல்மெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாத்துக்குக் குடுக்கணும்? காலைலேர்ந்து இத்த போட்டுகினு வெயில்ல காயறேன், ஒருத்தன் இன்னான்னு கேக்கல. இப்ப இதுவும் வோணுமா ஒங்களுக்கு? மொதல்ல வேல குடு. அப்பால ஹெல்மெட்ட கேளு!"

ஹால் அதிர்ந்தது. விசில், கைதட்டல். "குடுக்காத நைனா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மோசஸ் புது ஹெல்மெட்டும் கையுமாகத் திரும்பி வந்தான்.

"ஜனமே குடுக்காதன்றாங்க க்கா, நான் இன்னா பண்றது?"

எழுத்துப்பிரதியைப் பார்த்தேன். ஆறு பக்கம். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், எனக்கு மூச்சே நுழையவில்லை. பெரியவர் பெட்டிமேல் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மோசஸ் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கொண்டு நானே நடந்தேன்.

அதற்கு முன் நான் நாடகம் நடக்கும்போது வெளிச்சத்தில் நின்றதில்லை. காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் சாவிக்கொத்து, கழுத்தில் அளவு டேப். நாலு அடி வைத்ததும் கண் கூசியது. முதல் வரிசையில் யாரோ "ஐயே, நம்ம ரெஜினாக்கா டா!" என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. மாதாவே, இது அடங்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

பாஸ்கர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பேயைப் பார்த்த மாதிரி நின்றான். நான் மேடை ஏறினால் ஏதோ விபரீதம் என்று அவனுக்குத் தெரியும். நான் அவன் முகத்துக்கு நேரே போய் நின்றேன். என்ன சொல்வது என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது இதுதான்:

"தாஸு, அது ஒன்னோட ஹெல்மெட் இல்ல பா. அத்த போட்டுகினு வேலைக்குப் போனவன் திரும்பி வரல. அவன் வூட்ல கேக்குறாங்க. குடுத்துடு."

சிரிப்பு நின்றது. பாஸ்கர் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினான். உள்ளே ஒருமுறை பார்த்தான். இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தான். நான் புதியதை அவனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் எழுந்து நிற்பதைப் பார்த்தேன். பாவம், உயிர் வந்திருக்கும் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

விங்குக்குள் வந்து பெரியவர் கையில் அதை வைத்தேன். அவர் துண்டால் துடைத்தார். மார்போடு அணைத்துக்கொண்டார். "நீ நல்லா இருப்ப மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அழுதேன்.

அந்த அழுகையில் ஒரு காரியத்தை மறந்தேன். விளக்குக்காரருக்கு நான் கொடுத்திருந்த உத்தரவு "ஹெல்மெட் உடைந்ததும் அணை" என்பது. புது ஹெல்மெட் உடையாது என்பதை அவரிடம் சொல்லி, முதல் அடியிலேயே அணைக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடைசிக் கட்டம் வந்தது. பாஸ்கர் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான், சுத்தியலை எடுத்தான், ஹாலில் ஈ பறந்தால் கேட்கும். அடித்தான். ஹெல்மெட் துள்ளி, உருண்டு, கேட்டில் மோதி நின்றது. யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. பாஸ்கர் அதை இழுத்துவந்து மறுபடி அடித்தான். மறுபடி துள்ளியது. ஹாலே சிரித்தது. விளக்குக்காரர் உடையட்டும் என்று காத்திருந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைத் தட்டி அணைக்கவைப்பதற்குள் ஐந்து அடி ஆகிவிட்டது. ஷாலினியின் இரண்டு வருஷம் அந்தச் சிரிப்பில் முடிந்தது.

ஜனம் கலைந்த பிறகு ஷாலினி பின்னால் வந்தாள். கோபமாக வந்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. "சிரிச்சுட்டாங்க க்கா" என்று மட்டும் சொன்னாள். பெரியவரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் அந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி க்கா. நீங்க செஞ்சதுதான் சரி" என்றாள். அந்தப் பெண்ணுக்கு இருக்கிற மனசு உங்களில் எல்லாருக்கும் வரட்டும்.

இந்தக் கதையை இதுவரைக்கும் எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். இந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன். "ஒரு நாடகத்தைவிட ஒரு மனுஷனின் மனசு பெரிசு" என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். எனக்கும் நன்றாக இருக்கும். ஆனால் இனி நான் அந்த மேடைக்குப் பின்னால் இருக்கப்போவதில்லை, நீங்கள் இருக்கப்போகிறீர்கள். பாதிக் கதையை வைத்துக்கொண்டு உங்களை அங்கே அனுப்புவது துரோகம். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

ஷாலினி அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நித்யா ஓடிவந்தாள். அவள் பின்னால் அந்த ஊதாப் புடவைப் பெண்.

"எக்கா, இவங்கதான் க்கா ஹெல்மெட் குடுத்தவங்க" என்றாள் நித்யா.

நான் பெரியவரைப் பார்த்தேன். பெரியவர் மருமகளைப் பார்த்தார்.

"நீயா குடுத்த?"

"நான்தான் மாமா குடுத்தேன்."

"ஒடைக்கப்போறாங்கன்னு தெரியுமா ஒனக்கு?"

"ஒடைக்கத்தான் மாமா குடுத்தேன்."

பெரியவர் ஹெல்மெட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார். தேவி அவரைத் தொடவில்லை, ஹெல்மெட்டையும் தொடவில்லை. ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை. சத்தம் போடாமல் பேசினாள்.

"ஹெல்மெட் போடாம வேல செஞ்சாருன்னு கம்பெனில எய்தி வெச்சிட்டாங்க. போட்டுகினுதான் மாமா போனாரு. தாடைல மாட்ற பெல்ட்டு அறுந்து கெடந்துச்சு. வேற குடுங்கன்னு மூணு தபா கேட்டாரு, குடுக்கல. அதனால நான் நூல் போட்டு தச்சு குடுத்தேன். கறுப்பு நூலு. பாருங்க, உள்ளாற கீது."

பெரியவர் ஹெல்மெட்டைத் திருப்பினார். பாஸ்கர் மேடையில் உள்ளே பார்த்தது அதைத்தான். பெல்ட்டின் ஒரு முனையில் பிய்ந்த கறுப்பு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"எந் தையலு வுட்டுகிச்சு மாமா. குனிஞ்சாரு, கயண்டு வுயிந்துச்சு, அப்பத்தான் மேலேர்ந்து இரும்பு வந்துச்சு. கூட வேல செஞ்சவரு சொன்னாரு. நான் யாராண்டயும் சொல்லல. ஒங்களாண்டயும் சொல்லல."

"அவரு உடம்பு அப்பிடி வந்துச்சு. அது மட்டும் ஒரு கீறல் இல்லாம வந்துச்சு. நீங்க அத்த வாசல்ல மாட்டி வெச்சீங்க. வர்ரவன் போறவன் எல்லாம் அத்த பாத்துட்டு, நல்லாத்தான கீது, தலைல போட்டிருக்கலாம்ல உன் வூட்டுக்காரருன்னு கேக்கறான். நாலு வருசம் மாமா. அந்த ஜனம் மொத்தமும் இன்னிக்கு இங்கதான் வந்துச்சு. அவங்க கண்ணு முன்னால அது ஒடயட்டும்னு பாத்தேன். எத்தினி லேசா ஒடயுதுன்னு பாக்கட்டும்னு பாத்தேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அவரு வந்து அய்தாரு, ஒடனே குடுத்துட்டீங்க. நானும் அங்கதான க்கா குந்திகினு இருந்தேன். மூணாவது வரிசைதான? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மத்தியானம் நித்யா சொல்ல வந்ததையும் நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை. இருபது நிமிஷம் இருந்தது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து அந்த நாற்பதடியை நடந்து, குனிந்து அவள் காதில் கேட்க ஒரு நிமிஷம் போதும். திரையை, விளக்கை, சைகையை, மோசஸை, என்னையே யோசித்தேன். அவளைப் போய்க் கேட்கலாம் என்பது ஒருமுறைகூட என் புத்தியில் வரவில்லை. அழுகிறவரைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் ஆகும். அழாமல் உட்கார்ந்திருக்கிறவருக்கும் அதே பொருளில் பங்கு இருக்கலாம், அவரையும் கேளுங்கள். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான்.

பெரியவர் அந்தக் கறுப்பு நூலைத் தடவிப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை மருமகளிடம் நீட்டினார்.

"ஒடச்சுடு மா" என்றார். "எனக்குத் தெரியாம பூச்சு. நீயே ஒடச்சுடு."

செய்த தப்பைச் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. மேடைக்கு ஓடி, பாஸ்கர் போட்டுவிட்டுப் போன சுத்தியலை எடுத்துவந்து தேவியின் முன்னால் நீட்டினேன்.

"இந்தா மா. இப்பவே ஒட. நான் விளக்கக்கூட போடச் சொல்றேன்."

தேவி சுத்தியலை வாங்கவில்லை. திரை இடுக்கு வழியாக ஹாலைப் பார்த்தாள். நித்யா நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"பாக்கறதுக்கு இப்ப யார் க்கா கீறாங்க?" என்றாள்.